கைப்பிடிச் சுவர்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சாமி கும்பிட்டாலும் அப்படித்தான்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்த புதிதில் அவர் கோயிலுக்குப் போனது மாதா திருவிழாவுக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை. நல்லூரில் ஒரு சபையில் சேர்ந்த பிறகு ஆளே மாறிவிட்டார். சபை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கீழே நிட்டிங் மெஷின் ஓடும், மேலே நாங்கள் ஜெபம் பண்ணுவோம். ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு லீவு என்பதால் எங்கள் பாட்டு கேட்கும். வாரநாளில் ஜெபக்கூட்டம் வைத்தால் கர்த்தருக்கே காதில் விழுந்திருக்காது. அங்கே மற்றவர்கள் எல்லாம் சங்கீதமும் சுவிசேஷமும் படித்துக்கொண்டிருக்க, இவர் மோசே கொடுத்த சட்டங்களைப் பிடித்துக்கொண்டார். எதைத் தின்னலாம், எதைத் தொடலாம், எந்த நாளில் எதைச் செய்யக் கூடாது என்று வரி வரியாகப் படித்துவிட்டு வந்து எங்கள் குடும்பத்தை அளப்பார். நண்டு போனது. இறால் போனது. ரத்தப் பொரியல் போனது. அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து வந்தது நூல்.

இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்று ஒரு கட்டளை இருக்கிறதாம். பாலைவனத்தில் ஆடு மேய்த்தவர்களுக்கு அதைச் சொன்னால் சரி. இவர் இருப்பது திருப்பூரில். வேலை, முதலிபாளையம் எஸ்டேட்டில் மணியன் முதலாளியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணியை அடுக்கி வெட்டிவிட்டு வருகிற மனிதர், வீட்டில் என் ரவிக்கையைத் தடவிப் பார்த்து, "இதுல எத்தனை பர்சன்ட் காட்டன்?" என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

மணியன் முதலாளிக்கு இது தெரிந்ததும் விடுவாரா? அவர் கேலி பேசினாலும் மரியாதை குறையாமல் பேசுகிற கொங்குக்காரர்.

"ஏனுங்க மாஸ்டர், நம்ம கம்பெனித் துணியில பாதி கலப்புத்தானுங்க. தொட்டா பாவம் ஒட்டிக்காதுங்களா?"

"வெட்டக் கூடாதுன்னு எழுதல முதலாளி. உடுத்தக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு."

இதைச் சொல்லிச் சொல்லி முதலாளி எஸ்டேட் முழுக்கச் சிரித்தார். எங்கள் சபைக்குப் 'பியூர் காட்டன் சபை' என்று பேர் விழுந்தது. கடைசியில் இவர் என் கல்யாணப் பட்டுச்சேலைக்கு வந்தார். பட்டோடு ஜரிகை கலந்திருக்கிறதாம். யாருக்காவது கொடுத்துவிடு என்றார். "கட்டவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன், உங்க மோசே வந்து கேட்டா பேசிக்கிடுதேன்" என்று டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதோடு விட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நல்லது செய்ய வேண்டும் என்று அவ்வளவு பயம்.

இரண்டாயிரத்து ஏழில் நல்லூரில் வீடு கட்டினோம். கீழே நாங்கள், மேலே வாடகைக்கு ஒரு வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. கொத்தனார் வெள்ளையன், காங்கயத்துக்காரர். வீடு கட்டுகிறவனுக்கு என்னென்ன கட்டளை என்று இவர் முன்கூட்டியே தேடி வைத்துக்கொண்டார். அதில் ஒன்று, புது வீட்டுக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், கட்டாமல் விட்டு ஒருத்தன் விழுந்தால் அந்த ரத்தம் வீட்டின்மேல் வரும் என்பது. இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆண்டவருக்கு எவ்வளவு அக்கறை பார், படி ஏறுகிறவனைப் பற்றிக்கூட யோசித்திருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மாடிப்படிக்கு இடுப்பளவு செங்கல் சுவர் எழுப்பச் சொன்னார். மேலே கை வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி சிமெண்டை இழைக்கச் சொன்னார்.

"படிக்கு இத்தாம் பெரிய சொவரு ஏனுங்க? பைப்பு வெச்சாப் பத்தாதுங்களா?" என்றார் வெள்ளையன்.

"சுவருன்னுதான் போட்டிருக்கு."

"செரிங்க. மேல மொட்டை மாடியச் சுத்திப் பேரபெட் எடுத்துப் போடலாமுங்களா?"

"அடுத்த வருஷம் இன்னொரு மாடி எழுப்பணும். இப்பக் கட்டி அப்ப இடிக்கவா?"

திருப்பூரில் பாதி வீடு அப்படித்தான் இருக்கும். நாலு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டு, சுற்றிலும் ஒன்றும் இல்லாமல். யாரும் அதை ஒரு குறையாக நினைப்பதில்லை. வீடு பிரதிஷ்டை அன்று சபையை நடத்துகிற ஊழியர் அந்தப் படிச் சுவரில் கை வைத்து விசேஷமாக ஜெபித்தார். நாங்கள் எல்லாரும் ஆமென் போட்டோம்.

மேல் வீட்டுக்கு இசக்கிமுத்து வந்தான். வள்ளியூர்க்காரன், இவர் கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர். பெண்டாட்டி கருத்தம்மா அங்கேயே செக்கிங்கில் இருந்தாள். ஒரே மகள் அபிராமி, ஒன்றாம் வகுப்பு. சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்கவே எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. இசக்கிமுத்துவுக்கு வாய் சும்மா இருக்காது. படியிறங்கும்போது லுங்கியைத் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, இது சுத்தமா கலப்பா, பாத்துச் சொல்லுங்க, நரகத்துக்குப் போயிரக் கூடாதுல்லா" என்பான். இவரும் சிரிப்பார். வேறு யார் சொன்னாலும் சிரிக்க மாட்டார்.

கருத்தம்மா என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். குழம்பு மேலே போகும், கீழே வரும். பிள்ளை மொட்டை மாடிக்கு ஓடிவிடக் கூடாது என்று இவரே மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைக் கருத்தம்மாவிடம் கொடுத்திருந்தார். அதையும் சொல்ல வேண்டும். அக்கறை இல்லாத மனிதர் இல்லை அவர்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடை மழைக் காலம். சபை முடிந்து வந்து நான் வாசல் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று கிளம்பித் தெருப் புழுதியெல்லாம் எழுந்தது. மேலே துணி காய்கிறது. இசக்கிமுத்துவும் கருத்தம்மாவும் சிரித்துக்கொண்டே மாடிக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. மற்றத் துணியை எல்லாம் வாரிப் போட்டுவிட்டு, ஒரு சேலையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடிக்கப் பார்த்திருக்கிறார்கள். சேலை மடிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? சுருக்கம் எடுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் மடிக்கிறார்கள். கருத்தம்மா நின்ற இடத்தில் நின்றாள். அவன் பின்னால் போனான்.

நான் நிமிர்ந்தபோது அவன் முதுகு தெரிந்தது. கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் விழுந்த பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, சேலை வந்து அவன் காலின்மேல் விழுந்தது. மேலேயிருந்து கருத்தம்மா, "விட்டுட்டேனே, விட்டுட்டேனே" என்று கத்தினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் வந்து பார்த்தது. தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. ஊரிலிருந்து அவன் அம்மா ராக்கம்மாளும் அண்ணன் அழகுமலையும் வந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே அடக்கம் செய்தார்கள். ராக்கம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். பெற்றவள் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அவள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாரிடமும், கருத்தம்மா காதுபட, அதையே சொன்னாள்.

"எம்மவன் கையில ஒரு முனை, இவ கையில ஒரு முனை. பிடிய விட்டுட்டாளே. பிடிய விட்ட சிறுக்கி."

கருத்தம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நான் எவ்வளவோ சொன்னேன். ஆள் பாரத்தை யாரால் பிடிக்க முடியும், நீயும் சேர்ந்து போயிருப்பாய் என்றேன். "போயிருக்கலாம்லா மதினி" என்றாள். அன்றிலிருந்து கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். கிளாஸைப் பிடிக்க மாட்டாள். நான் தண்ணீரை வாயில் ஊற்றினால் இரண்டு மடக்கு இறங்கும், சோறு இறங்கவே இல்லை. பிள்ளை மடியில் ஏற வந்தால் நகர்ந்து உட்கார்ந்தாள். "என் கையி சரியில்ல, அத்தக்கிட்ட போ" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

காரியம் முடிந்ததும் பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக ராக்கம்மாள் சொன்னாள். "இவளை நம்பி விட்டா இதையும் விட்டுருவா" என்றாள். கருத்தம்மா அதற்கும் தலையை ஆட்டினாள். பிள்ளை போய்விட்டால் இவள் உயிரோடு இருக்க மாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏற்கெனவே பாதி போயிருந்தாள்.

துக்கம் கேட்கச் சபையிலிருந்தும் வந்தார்கள். எங்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அம்மாள் ஒருத்தி, நல்லவள்தான், வாய்தான் ஆகாது. கருத்தம்மாவைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னாள்.

"பாலியஸ்டர் சேலைல்லா பிரதர்? அதான் வழுக்கிட்டு. ஆண்டவர் சும்மாவா சொன்னாரு, கலப்பு வேண்டாம்னு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது நூத்துக்கு நூறு பாலியஸ்டர். அதுல கலப்பே கிடையாது. உங்க சட்டப்படி பாத்தா அந்தச் சேலைதான் இந்தத் தெருவுலயே சுத்தம்" என்று கத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள். இவர் உள்ளே போனார். அந்தக் கட்டளை என்ன சொல்கிறது என்று சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று வேதத்தை எடுத்தார். அவர் எதையும் அப்படித்தான், எழுதியிருப்பதைப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, கைப்பிடிச் சுவருன்னா என்ன?"

"நம்ம படிக்குக் கட்டியிருக்கே, அதுதான்."

"படின்னு போடல." அவர் விரல் பக்கத்தின்மேல் இருந்தது. நூல் கட்டளைக்கு மேலே, அதே பக்கத்தில், மூன்று வசனம் தள்ளி. "மாடின்னு போட்டிருக்கு. மாடியிலேருந்து ஒருத்தன் விழுந்தான்னு போட்டிருக்கு. படியிலேருந்துன்னு போடல."

நானும் வாங்கிப் பார்த்தேன். படி என்கிற சொல்லே அங்கே இல்லை. மாடி என்றுதான் இருந்தது. எத்தனை தடவை படித்திருப்பார் அதை! கைப்பிடி என்றதும் மாடிப்படிக் கைப்பிடி என்று எடுத்துக்கொண்டார், நாங்களும் எடுத்துக்கொண்டோம், ஊழியரும் எடுத்துக்கொண்டார். வெள்ளையன் பேரபெட் என்று கேட்டதும் இதுவும் ஒன்றுதான் என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அழவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஊழியர் வீட்டுக்குப் புறப்பட்டார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

ஊழியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்த முகமாகச் சொன்னார், "பிரதர், அது அந்தக் காலத்து யூத ஜனங்களுக்குச் சொன்னது. அவங்க மொட்டை மாடியில படுத்து எந்திரிக்கிற ஜனம். நமக்கு அது பொருந்தாது. நாம கிருபையின் கீழே இருக்கோம்."

"நூலு மட்டும் நமக்குப் பொருந்துமா ஐயா?"

ஊழியர் தண்ணீர் குடித்தார். "நீங்க உங்களுக்குப் புரிஞ்சபடி கீழ்ப்படிஞ்சீங்க. ஆண்டவர் இருதயத்தைப் பாக்கிறவர்."

"என் இருதயத்தைப் பாத்து அவருக்கு என்ன லாபம்? அவர் பாக்கச் சொன்னது விழப்போறவனை. நான் தப்பாப் புரிஞ்சு கீழ்ப்படிஞ்சேன்னு விழுந்தவன் எந்திரிச்சு வருவானா?"

ஊழியர் எங்களுக்காக ஜெபம் பண்ணி அனுப்பினார்.

இவர் வீட்டுக்கு வந்ததும், "காரியத்தன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன்" என்றார்.

நான் ஆடிப்போய்விட்டேன். "என்னத்தைச் சொல்லப்போறீங்க? வந்திருக்கிறவங்க துக்கத்துல இருக்காங்க. அடிச்சே கொன்னுருவாங்க. ஊரே விதின்னு சொல்லுது, போலீஸே எழுதிட்டுப் போயிட்டு. இந்தத் தெருவுல எத்தனை வீட்டுக்கு மேல சுவர் இருக்கு? உங்களுக்கு உங்க மேலயே இரக்கம் இல்லையா?"

"கருத்தம்மா தன் கைதான் கொன்னுச்சின்னு செத்துக்கிட்டு இருக்கா. எல்லாரும் விதி விதின்னு அவகிட்டச் சொல்லுதீங்க. விதின்னா அவளுக்கு ஆறல. ரத்தம் யார் மேலயாவது நிக்கணும், இல்லன்னா அது அவ மேலதான் நிக்கும். இதுல யார் மேலன்னு எழுதியிருக்கு."

"உங்க மேலன்னா எழுதியிருக்கு?"

"வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அழுதேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். இன்றைக்கும் அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. என் புருஷனை நான் காப்பாற்றப் பார்த்தேன், வேறு யார் பார்ப்பார்கள்? ஆனால் ஒரு கட்டளையைக் கண்டுவிட்டால் அந்த மனிதரை நிறுத்த முடியாது என்பது நண்டு போன நாளிலேயே எனக்குத் தெரியும்.

காரியத்தன்று தெருவில் பந்தல் போட்டிருந்தது. கம்பெனியில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், மணியன் முதலாளியும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகிற வேன் முனையில் நின்றது. ராக்கம்மாள் ஒரு கையில் பிள்ளையின் துணிப்பையும் மறு கையில் பிள்ளையுமாக இருந்தாள். கருத்தம்மா வெள்ளைச் சேலையில் எங்கள் வாசல் சுவரோரம் கிடந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது.

இவர் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். முதலாளிக்கு ஏதோ புரிந்துவிட்டது. "மாஸ்டர், வேண்டாமுங்க, அப்பறம் பேசிக்கலாமுங்க" என்று எழுந்தார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கருத்தம்மா, இங்க பாரு. நீ கையை விட்டதுனால அவன் சாகல. நீ விடாட்டாலும் செத்திருப்பான். ஆள் பாரத்தைச் சேலை தாங்காது. மாடி ஓரத்துல இடுப்பளவு ஒரு சுவர் நின்னிருந்தா அவன் முதுகு அதுல போய் இடிச்சிருக்கும். என்னத்துக்குளா இந்த இழு இழுக்கேன்னு உன்னையே ஏசியிருப்பான். அந்தச் சுவர் அங்க இல்ல. கட்ட வேண்டியவன் நான். கொத்தனார் கேட்டாரு, நான் வேண்டாம்னு சொன்னேன்."

அவள் கண் அவர் முகத்துக்கு வந்தது. அத்தனை நாளில் அவள் யாரையும் நேராகப் பார்த்து நான் பார்க்கவில்லை.

"எங்க வேதத்துல ஆண்டவர் எழுதி வச்சிருக்காரு. வீடு கட்டுதவன் மாடியைச் சுத்திச் சுவர் எடுக்கணும். எடுக்காம, அங்கேருந்து ஒருத்தன் விழுந்தா, அந்த ரத்தம் அந்த வீட்டுமேல. சேலையைப் பிடிச்சிருந்தவ மேலன்னு எழுதல. நான் முதல்லேருந்து கடைசி வரைக்கும் தேடிப் பாத்துட்டேன். எங்கயும் எழுதல."

"உங்க சாமியா அப்படிச் சொல்லியிருக்கு?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது.

"ஆமா."

"எனக்காகச் சொல்லுதீகளா?"

"உனக்காக இல்ல. நீ பிறக்கதுக்கு முன்னால, உன் பாட்டன் முப்பாட்டன் பிறக்கதுக்கு முன்னால எழுதினது. வேணும்னா எழுத்தைக் காட்டுதேன்."

"வேண்டாம்" என்றாள். அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னாள், "அப்ப நீங்கதான் அவரைக் கொன்னீக."

"ஆமா, நான்தான்."

அழகுமலை பாய்ந்து வந்து இவரைத் தூக்கி நிறுத்தி அறைந்தான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். சட்டை கிழிந்தது. நான் நடுவில் விழுந்தேன், எனக்கும் இரண்டு அடி விழுந்தது. மணியன் முதலாளியும் கம்பெனி ஆட்களும் பிடித்து இழுத்து விலக்கினார்கள். இவர் ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. வாயிலிருந்து ரத்தம் வடிய, அந்தக் கூட்டத்துக்குள் கழுத்தை நீட்டி நீட்டிக் கருத்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்துகொண்டிருந்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள், முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்திருந்தது. தள்ளாடித் தள்ளாடி ராக்கம்மாளிடம் போய், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத்த, பிள்ளை எங்கயும் வராது."

"நீ எப்படிளா..."

"கேட்டீகள்லா? நான் விடல." அப்புறம் ஓவென்று அழுதாள். புருஷன் செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதாள். அதுவரைக்கும் தான் செய்த கொலையை நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அவன் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ராக்கம்மாள் துணிப்பையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

வேன் போன பிறகு நான் சோறு போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைத் தட்டினேன். மதினி என்று குரல் வரவில்லை. உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டது. அரிசி வேகிற வாசனை வருகிற வரைக்கும் நான் தட்டோடு அங்கேயே நின்றிருந்தேன். எங்கள் வீட்டுச் சோறு அவளுக்கு இனிமேல் இறங்காது என்பது புரிந்ததும் கீழே வந்தேன். "சமைக்கிறா" என்றேன். இவர் வீங்கிய வாயோடு சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அழகுமலை புகார் கொடுத்தான், கேஸ் நடந்தது. வக்கீல் 'இல்லை' என்று சொல்லச் சொன்ன இடத்திலெல்லாம் இவர் 'ஆமாம்' என்றார். கடைசியில் அது நீர்த்துப்போனது. சபையில் இவர் பேச எழுந்தால் பக்கத்திலிருப்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டார். கருத்தம்மா அந்த மாதமே காலி செய்துகொண்டு சோமனூருக்குப் போய்விட்டாள். அங்கே அவள் தம்பி விசைத்தறி ஓட்டுகிறான். போகும்போது என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அது வலித்தது. நான் என்ன செய்தேன் அவளுக்கு? ஆனால் நான் அந்த வீட்டுக்காரி. ரத்தம் வீட்டுமேல் என்றால் என்மேலும்தான்.

மறு வருஷம் ஆடி மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் நல்லூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எதிரே சோமனூர் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். உடம்பு தேறியிருந்தது. அபிராமி வளர்ந்திருந்தாள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் கருத்தம்மா நின்றாள். பிறகு நேராக எங்களை நோக்கி வந்தாள். மதினி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன், கடவுள் சத்தியமாக நினைத்தேன். அவள் இவர் காலடியில் காறித் துப்பினாள். பிள்ளையை இழுத்துக்கொண்டு, அந்த நெரிசலுக்குள், பஸ்களுக்கு நடுவே போய்விட்டாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். இவர் மட்டும் கருத்தம்மாவும் பிள்ளையும் போன திசையையே எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, பாத்தியா?" என்றார். "பிள்ளை கையை எப்படி இறுக்கிப் பிடிச்சிருந்தா, பாத்தியா?"